அம்மாவின் மறதிக்கு மஞ்சள் மாத்திரை போதுமா?

மயிலாடுதுறை பக்கத்திலிருந்து 45 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். பள்ளி ஆசிரியை. அம்மாவுக்கு 71 வயது. 14 வருடமாகச் சர்க்கரை நோயும் ரத்தக்கொதிப்பும் இருக்கின்றன. மூன்று வருடத்துக்கு முன் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின், பிரஷர் மாத்திரை, ராத்திரித் தூக்கத்துக்கு அல்பிரசோலம் என்று தினமும் ஏழு வகை மாத்திரைகள். போன வருடம் அப்பா தவறிவிட்டார். அதன் பிறகு அம்மா பேச்சைக் குறைத்துக்கொண்டார். எட்டு மாதமாக மறதி. கேட்டதையே கேட்கிறார், சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போடுகிறார், கேஸ் அடுப்பை அணைக்க மறக்கிறார். டிவி சத்தம் தெருமுனை வரை கேட்கிறதாம். பாட்டிக்கும் கடைசிக் காலத்தில் ஆள் அடையாளம் தெரியாமல் போயிருக்கிறது.

மறதிக்குக் காரணம் மூளையில் உண்டாகும் அழற்சி (இன்ஃப்ளமேஷன்) என்று ஒரு வீடியோவில் பார்த்த சிங்கப்பூர்த் தம்பி, மஞ்சளிலிருந்து எடுத்த 1000 மில்லிகிராம் குர்குமினும் மிளகுச் சத்தும் சேர்ந்த மாத்திரை டப்பாக்களை அனுப்பியிருக்கிறார். “இன்னொரு மாத்திரையா” என்று அம்மா மறுத்ததால், அதைப் பிரித்துக் காய்கறிச் சாற்றில் கலந்து, சொல்லாமலே கொடுத்து வருகிறார் வாசகி. மூன்று மாதமாக அரிசி, பால், தயிர் எல்லாம் நிறுத்தியாயிற்று. காலையில் சாறும் ஐந்து பாதாமும்தான். அம்மா நாலு கிலோ இளைத்துவிட்டார். “காலை பதினோரு மணி வாக்கில் வியர்த்துக் கொட்டுகிறது. என்னையே யார் என்பது போலப் பார்க்கிறார். மதியச் சாப்பாடு சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடுகிறார். நோய் முற்றுகிறதா டாக்டர்?” என்று கேட்கிறார். உணவால் இந்த மறதியை நிறுத்த முடியுமா, மூளைக்குக் கொழுப்பு வேண்டும் என்கிறார்களே, ஸ்டாட்டினை நிறுத்திவிடலாமா, ஆலிவ் எண்ணெய்க்கு மாற வேண்டுமா, எனக்கும் இது வராமல் இருக்க என்ன சாப்பிடுவது என்பவை மற்ற கேள்விகள்.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதம் நாலு பக்கம். அம்மாவை எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்பது ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. தேதி, நேரம், என்ன சாப்பிட்டார், எப்போது தெளிந்தார் என்று குறித்து வைத்திருக்கிறீர்கள். அந்தக் குறிப்புதான் எனக்கு மிகப் பெரிய உதவி. அதில் ஒரு விஷயம் காத்திருக்க முடியாதது என்பதால், அதை மட்டும் உங்களுக்கு முன்பே தனியாக எழுதி அனுப்பிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்ற வீடுகளுக்கும் தெரிய வேண்டும் என்பதால் இங்கேயும் முதலில் அதையே சொல்கிறேன்.

பதினோரு மணிக்கு வரும் குழப்பம்

இது மறதி நோய் முற்றுவதுபோல எனக்குத் தோன்றவில்லை. மறதி நோயில் வரும் குழப்பம் சாப்பிட்ட அரை மணி நேரத்தில் இப்படித் தெளியாது. அம்மா சாப்பிடும் கிளிமிபிரைடு, கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும் மாத்திரை. அதைப் போட்டுக்கொண்டு இட்லியோ தோசையோ சாப்பிட்டவரைக்கும் கணக்கு சரியாக இருந்தது. இப்போது மாத்திரை அதே அளவில் இருக்கிறது, காலைச் சாப்பாடு மட்டும் சாறாகவும் ஐந்து பாதாமாகவும் சுருங்கிவிட்டது. உடம்பும் நாலு கிலோ இளைத்திருக்கிறது. ரத்தச் சர்க்கரை தாழ்ந்துபோவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம். வியர்வை, வெறித்த பார்வை, ஆள் தெரியாத தடுமாற்றம் எல்லாம் அதன் அடையாளங்கள். குர்குமினும் சர்க்கரையைக் கொஞ்சம் குறைக்கக்கூடியது என்பதால் அதுவும் சேர்ந்திருக்கலாம்.

அடுத்த முறை வந்தால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரம் கழித்துத் திரும்பப் பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். அப்புறம் இட்லியோ சாதமோ சாப்பிட வையுங்கள். மீட்டர் கைக்கு எட்டவில்லை என்றால் பார்க்காமலே சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம், தப்பில்லை. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள். மீட்டரில் சர்க்கரை சரியாக இருந்தும் இப்படி வியர்த்தால் அதுவும் அவசரம்தான். ஸ்டென்ட் வைத்த சர்க்கரை நோயாளிக்கு நெஞ்சு வலி இல்லாமலேயே மாரடைப்பு வரக்கூடும். உடனே ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும்.

காலைச் சாப்பாட்டை இன்றைக்கே திரும்பக் கொண்டுவாருங்கள். கிளிமிபிரைடைக் குறைக்கவோ மாற்றவோ உங்கள் சர்க்கரை டாக்டரிடம் இந்த வாரமே கேளுங்கள். இந்த வயதில், இத்தனை நோய்களோடு இருப்பவருக்கு, சர்க்கரை அளவை இளம் வயதுக்காரருக்குப் போல இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லை. அடிக்கடி தாழ்சர்க்கரை வருவது முதியவர்களின் மூளைக்குக் கெடுதல். மூளையைக் காப்பாற்ற நீங்கள் எடுத்த உணவுக் கட்டுப்பாடே மூளைக்குப் போகும் சர்க்கரையைத் தட்டிப் பறித்திருக்கிறது. இதில் உங்களைக் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. உணவை மாற்றினால் மாத்திரையையும் மாற்ற வேண்டியிருக்கும் என்பதை அந்த வீடியோக்கள் சொல்வதில்லை.

அழற்சி, மூளை, உணவு

சரி, தம்பி சொன்னதில் உண்மை இருக்கிறதா? இருக்கிறது. மறதி நோய்களில் அதிகம் காணப்படும் அல்சைமர் நோயில் அமைலாய்டு என்ற புரதம் மூளையில் படியும்போது, மைக்ரோகிளியா என்ற காவல் செல்கள் விழித்துக்கொள்கின்றன. அவை ஓயாமல் கொதிப்பிலேயே இருந்தால் பக்கத்தில் இருக்கும் நல்ல நரம்புச் செல்களும் சேதமாகின்றன. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, புகை, வயிற்றுக் கொழுப்பு எல்லாம் உடம்பு முழுக்க மெதுவான அழற்சியைத் தூண்டி ரத்தக் குழாய்களைக் கெடுப்பதும் உண்மை.

ஆனால் “அழற்சி இருக்கிறது, ஆகவே அழற்சியை அடக்கும் பொருளைக் கொடுத்தால் மறதி நிற்கும்” என்பது இயல்பாகத் தோன்றினாலும் சோதனையில் நிற்காத கணக்கு. மஞ்சளைவிடப் பல மடங்கு வலுவான அழற்சி அடக்கிகளையே கொடுத்துப் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் குடும்பத்தில் மறதி நோய் உள்ள, 70 வயது தாண்டிய சுமார் 2,500 பேருக்கு நாப்ராக்சென், செலகாக்சிப் போன்ற வலி மாத்திரைகளைக் கொடுத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. இதயப் பாதிப்பு பற்றிய கவலையால் 2004 டிசம்பரில் மாத்திரைகளை நிறுத்தினார்கள். அந்த மாத்திரைகள் அல்சைமர் நோயைத் தடுத்ததாகத் தெரியவில்லை.

“நாம் மஞ்சள் சாப்பிடுகிறோம், அதனால்தான் இந்தியாவில் அல்சைமர் குறைவு” என்று நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பேச்சுக்கு ஒரு வேர் இருக்கிறது. ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் 1990-களில் நடந்த ஆய்வில், அமெரிக்காவின் பென்சில்வேனியாவோடு ஒப்பிட்டால் அல்சைமர் மிகக் குறைவாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மஞ்சள்தான் காரணம் என்று பலர் எழுதினார்கள். அந்த ஆய்வு மஞ்சளை அளக்கவே இல்லை. அந்த ஊர்க்காரர்களின் ஆயுள், உழைப்பு, மறதியை வயோதிகம் என்று வீட்டோடு விட்டுவிடும் வழக்கம் என்று எத்தனையோ காரணங்கள் இருக்கலாம். 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருக்கிறது. இவர்கள் எல்லோரும் மஞ்சள் போட்ட குழம்பு சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தான்.

குர்குமினையே நேராகச் சோதித்ததும் உண்டு. அல்சைமர் உள்ள 36 பேரிடம் 24 வாரம் தினம் 2 அல்லது 4 கிராம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2012-ல் வந்தது. பலன் தெரியவில்லை. 2018-ல் லாஸ் ஏஞ்சலிஸில், மறதி நோய் இல்லாத 40 பேரிடம் நடந்த ஆய்வில், எளிதில் உறிஞ்சும்படி செய்த குர்குமினை 18 மாதம் சாப்பிட்டவர்களின் ஞாபக சக்தி கொஞ்சம் முன்னேறியது. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் 40 பேரை வைத்து உங்கள் அம்மாவுக்கு மருந்து எழுத மாட்டேன்.

சமையல் மஞ்சள் வேறு, இந்த மாத்திரை வேறு

மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். தம்பி அனுப்பிய ஒரு மாத்திரையில் இருப்பதைச் சாப்பாட்டின் மூலம் பெற வேண்டுமானால் 30 கிராமுக்கு மேல் மஞ்சள் தூள் வேண்டும். எந்த வீட்டிலும் ஒரு ஆள் ஒரு நாளைக்கு அவ்வளவு சாப்பிடுவதில்லை. “காலங்காலமாகச் சாப்பிடுவதுதானே” என்பது குழம்புக்குப் பொருந்தும், இந்த மாத்திரைக்குப் பொருந்தாது.

மிளகு விஷயத்தையும் சொல்ல வேண்டும். சாதாரணமாகக் குர்குமின் ரத்தத்தில் சேர்வது அற்ப சொற்பம். ஈரல் அதை வேகமாக மாற்றி வெளியே தள்ளிவிடும். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்து 1998-ல் வெளியான ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு மிளகுச் சத்தான பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்தபோது உறிஞ்சுவது 20 மடங்கு கூடியது. டப்பாவில் பெருமையாக அச்சடிப்பது இதைத்தான். பைப்பரின் இதைச் செய்வது, ஈரலும் குடலும் மருந்துகளைக் கழிக்கும் வேலையைத் தடுத்து. அந்தத் தடை குர்குமினோடு நிற்காது, அம்மா சாப்பிடும் மற்ற மாத்திரைகளின் அளவையும் ரத்தத்தில் ஏற்றிவிடலாம். ரசத்தில் போடும் மிளகைப் பற்றி இந்தப் பயம் வேண்டாம். பிரித்தெடுத்த சத்தைப் பற்றித்தான் சொல்கிறேன்.

இன்னும் இரண்டு ஆபத்துகள் உண்டு. ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்கின்றன. குர்குமினுக்கும் அந்தக் குணம் ஓரளவு இருப்பதால், மூன்றும் சேர்ந்தால் ரத்தக்கசிவுக்கு வாய்ப்பு கூடும். மலம் கறுப்பாகப் போகிறதா, தோலில் காரணமில்லாமல் நீலத் தடம் விழுகிறதா என்று பாருங்கள். இரண்டாவது, ஈரல். மஞ்சள் மாத்திரையால் ஈரல் கெட்ட 10 பேரைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் 2022-ல் எழுதினார்கள். ஐந்து பேர் மருத்துவமனையில் சேர வேண்டியிருந்தது, ஒருவர் இறந்துபோனார். இப்படி ஆவது அரிதுதான். ஆனாலும் அம்மாவுக்கு ஒரு ஈரல் பரிசோதனை செய்துவிடுங்கள், மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள். திடீரென்று நிறுத்துவதால் ஒரு கெடுதலும் வராது.

சொல்லாமல் கலந்து கொடுத்ததைப் பற்றியும் பேசியாக வேண்டும். மறதி வந்துவிட்டது என்பதால் தன் உடம்புக்குள் என்ன போகிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை அம்மாவுக்கு இல்லாமல் போகவில்லை. உங்கள் கடிதத்தைப் பார்த்தால் அவர் வேண்டும், வேண்டாம் என்று முடிவெடுக்கக்கூடிய நிலையில்தான் இருக்கிறார். “இன்னொரு மாத்திரையா” என்று அவர் கேட்டது நியாயமான பேச்சும்கூட. ஒரு நாள் சாற்றில் என்னவோ கலந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தால், நாளைக்கு அவசியமான மருந்தையும் உங்கள் கையால் வாங்கிச் சாப்பிட யோசிப்பார். நிறுத்திவிட்டு, அவரிடமே சொல்லிவிடுங்கள்.

ஸ்டாட்டினில் கை வைக்காதீர்கள்

மூளைக்குக் கொழுப்பு வேண்டும் என்பது சரி. ஆனால் மூளை தனக்கு வேண்டிய கொலஸ்ட்ராலைத் தானே தயாரித்துக்கொள்கிறது. ரத்தத்தில் ஓடும் எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரால் மூளைக்குள் நுழைவதில்லை. மறதி நோயைப் பற்றி லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு 2024-ல் தன் பட்டியலைத் திருத்தியபோது, நடு வயதில் எல்.டி.எல். அதிகமாக இருப்பதைத்தான் புதிதாக ஆபத்துக் காரணங்களில் சேர்த்தது. ஸ்டென்ட் வைத்தவர் ஸ்டாட்டினை நிறுத்தினால் மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் கதவு திறக்கிறது. ஒரு பக்கவாதம் ஒரே நாளில் எடுத்துக்கொள்ளும் மூளையை எந்த உணவாலும் திருப்பிக் கொடுக்க முடியாது.

மறதிக்கு வேறு காரணங்களைத் தேடினோமா?

கடிதத்தை மூன்றாம் முறை படித்தபோது என் மனதில் நின்றது இதுதான். எட்டு மாதமாக மறதி, மூன்று மாதமாக உணவு மாற்றம், ஆனால் ஒரு டாக்டர்கூட அம்மாவின் ஞாபக சக்தியைப் பரிசோதிக்கவில்லை. பாட்டிக்கு வந்தது, அதனால் அம்மாவுக்கும் அதே என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள். இருக்கலாம். ஆனால் சரிசெய்யக்கூடிய காரணங்கள் உங்கள் கடிதத்திலேயே வரிசையாக நிற்கின்றன.

சர்க்கரைக்கான மெட்ஃபார்மினைப் பல வருடம் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையும். பி12 குறைந்தால் மறதி, சோர்வு, கால் மரத்துப்போவது எல்லாம் வரும். பாலும் தயிரும் நின்றுபோன வீட்டில் இன்னும் குறையும். ஊசியிலும் மாத்திரையிலும் ஈடுகட்டக்கூடிய விஷயம் இது. தைராய்டு இன்னொன்று. அல்பிரசோலம் முதியவர்களுக்கு ஞாபகத்தை மங்க வைக்கும், தள்ளாட வைத்து விழவும் வைக்கும். அதற்காக நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். நாள்பட்டுச் சாப்பிட்டதைத் திடீரென்று விட்டால் வலிப்புகூட வரலாம், டாக்டர் சொல்படி வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும். சளிக்கும் அலர்ஜிக்கும் கடையில் வாங்கிப் போடும் சில மாத்திரைகளும் குழப்பத்தைக் கூட்டும். அப்படி ஏதாவது வீட்டில் இருக்கிறதா பாருங்கள்.

அப்புறம் அப்பாவின் மறைவு. நாற்பது ஐம்பது வருடம் கூட வாழ்ந்தவர் போன பிறகு பேச்சு குறைந்து, தூக்கம் கெட்டு, எதிலும் மனம் ஒட்டாமல் போவது மனச்சோர்வாக இருக்கலாம். முதியவர்களுக்கு மனச்சோர்வு வந்தால் வெளியே தெரிவது பல சமயம் மறதியாகத்தான். அழக்கூட மாட்டார்கள். இதற்குச் சிகிச்சை இருக்கிறது, பலனும் இருக்கிறது.

டிவி சத்தத்தைச் சாதாரணமாக எழுதிவிட்டீர்கள், எனக்கு அது முக்கியம். காதில் சரியாக விழாத பேச்சு ஞாபகத்திலும் பதியாது. கேட்டதையே திரும்பக் கேட்பதில் ஒரு பங்கு காதுடையதாக இருக்கலாம். கவனிக்காமல் விட்ட காது மந்தம் மறதி நோய்க்கான பெரிய காரணங்களில் ஒன்று என்கிறது அதே லான்செட் குழு. அமெரிக்காவில் 2023-ல் வந்த ஓர் ஆய்வில், மறதிக்கான ஆபத்து அதிகம் உள்ள முதியவர்களிடம் காது கருவி மூன்று வருடத்தில் அறிவுத்திறன் சரிவை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது. ஆபத்து குறைந்தவர்களிடம் அந்த அளவு வித்தியாசம் தெரியவில்லை. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, ஸ்டென்ட் எல்லாம் இருக்கும் உங்கள் அம்மாவுக்கு ஒரு காது பரிசோதனையை நான் தயங்காமல் எழுதுவேன்.

இவற்றையெல்லாம் சரிசெய்த பிறகும் மறதி இருந்தால், தலைக்கு ஸ்கேன், விரிவான ஞாபகப் பரிசோதனை என்று நரம்பியல் டாக்டர் பார்ப்பார். தமிழில், அதிகம் படிக்காதவர்களுக்கும் பொருந்துகிற சோதனைகள் இருக்கின்றன. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இதைச் செய்துகொள்ளலாம். அல்சைமர் என்றே தெரிந்தாலும் சீக்கிரம் தெரிவது நல்லது. மருந்து, வீட்டுப் பாதுகாப்பு, வங்கிக் கணக்கு, சொத்து விவகாரம் எல்லாவற்றையும் அம்மாவின் சம்மதத்தோடு, அவர் தெளிவாக இருக்கும்போதே பேசி முடிக்கலாம்.

தட்டில் என்ன இருக்கட்டும்

உணவுக்கு மூளையில் பங்கே இல்லை என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பங்கு உண்டு. அது ஒரே ஒரு பொருளின் வேலையாக இல்லை, வருடக்கணக்கில் ரத்தக் குழாயையும் சர்க்கரையையும் எடையையும் பார்த்துக்கொள்ளும் முழுச் சாப்பாட்டின் வேலை. கீரை, பருப்பு, கொட்டை வகை, மீன், பழங்கள் என்று அமைத்த ‘மைண்ட்’ உணவு முறையை அமெரிக்காவில் 604 பேரிடம் மூன்று வருடம் சோதித்து 2023-ல் வெளியிட்டார்கள். எடைக் குறைப்பு ஆலோசனை மட்டும் பெற்றவர்களைவிட அந்த உணவைச் சாப்பிட்டவர்கள் பெரிதாக முன்னேறவில்லை. இரண்டு தரப்புமே கொஞ்சம் முன்னேறியிருந்தது. ஆனால் பின்லாந்தில் 1,260 பேரிடம் உணவோடு உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, ரத்தக்கொதிப்புக் கவனிப்பு எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு வருடம் சோதித்து 2015-ல் வெளியிட்ட ஆய்வில் வித்தியாசம் தெரிந்தது. உணவு தனியாக நின்று செய்வதைவிட இவற்றோடு சேர்ந்து செய்வது அதிகம் என்பதே என் கருத்து.

அம்மாவுக்கு இப்போது முதல் தேவை, இளைத்த நாலு கிலோவைத் திரும்பப் பெறுவது. காலையில் இரண்டு மூன்று இட்லியோடு சாம்பார், ஒரு முட்டை. மதியம் அளவான சாதம், கீரை, பருப்பு, தயிர். வாரம் இரண்டு நாள் மத்தி, அயிலை, நெத்திலி மாதிரி மீன். இவற்றில் ஒமேகா-3 இருக்கிறது, வஞ்சிரத்தைவிட விலையும் குறைவு. பொரிக்காமல் குழம்பு வைத்தால் நல்லது. நிலக்கடலை, முருங்கைக்கீரை, கொய்யா, நெல்லிக்காய் எல்லாம் சேரட்டும். தயிர் அழற்சியைக் கூட்டும் என்பதற்கு ஆதாரம் இல்லை. மஞ்சள், மிளகு, பூண்டு, இஞ்சி சமையலில் எப்போதும் போல இருக்கட்டும். உப்பு, ஊறுகாய், அப்பளம், பேக்கரிப் பண்டம், எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சிப் பொரிப்பது ஆகியவற்றைத்தான் குறைக்க வேண்டும்.

ஆலிவ் எண்ணெய் நல்ல எண்ணெய். தொண்டையில் லேசாகக் காறும் முதல்தர ஆலிவ் எண்ணெயில் ஓலியோகாந்தல் என்ற பொருள் இருக்கிறது, அது ஐபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரை மாதிரி வேலை செய்வதை 2005-ல் கண்டுபிடித்தார்கள். ஆனால் ஒரு நாளைக்கு 50 கிராம் எண்ணெய் குடித்தால்தான் அந்த மாத்திரையின் ஒரு வேளை அளவில் பத்தில் ஒரு பங்கு கிடைக்கும். உங்கள் சம்பளத்தில் அதற்காகச் செலவு செய்ய வேண்டாம். செக்கு நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் அளவோடு போதும். அந்தப் பணத்தைக் காது பரிசோதனைக்கு வையுங்கள்.

உங்களுக்கு

பாட்டிக்கும் அம்மாவுக்கும் வந்தால் எனக்கும் வந்தே தீரும் என்று பயப்படுகிறீர்கள். முதுமையில் வரும் அல்சைமர் பெரும்பாலும் அப்படி நேராக இறங்குவதில்லை, வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டும், அவ்வளவுதான். மாற்றக்கூடிய 14 காரணங்களைக் கவனித்தால் உலகில் ஏற்படும் மறதி நோயில் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று 2024-ல் அந்த லான்செட் குழு கணக்கிட்டது. 45 வயது இதைத் தொடங்கச் சரியான வயது. ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, கொலஸ்ட்ரால் மூன்றையும் இந்த மாதமே பாருங்கள். கடிதத்தில் உங்கள் தூக்கத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அம்மாவுக்காக ராத்திரி எழுந்து எழுந்து பார்ப்பவர் என்று மட்டும் ஊகிக்கிறேன். தம்பியிடம் மாத்திரை டப்பாவுக்குப் பதில், அம்மாவைப் பகலில் பார்த்துக்கொள்ள ஒரு ஆளுக்கான சம்பளத்தை அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் நடக்கவும் தூங்கவும் நேரம் கிடைக்கும், பதினோரு மணிக்கு அம்மாவின் பக்கத்தில் ஒருவர் இருப்பார்.

டாக்டரிடம் போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும், அந்தக் குர்குமின் டப்பாவையும், நீங்கள் எழுதி வைத்த குறிப்பையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பி12, தைராய்டு, ஈரல், சிறுநீரகம், ரத்த அணுக்கள், சோடியம், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஆகிய பரிசோதனைகளை அவரிடம் கேளுங்கள். முடிவுகள் வந்ததும் எழுதுங்கள்.